மலாயா கணபதி வழக்கின் ஆவணங்களைக் கோரும் மகஜர்

புத்ராஜெயாவிலுள்ள கனம் உள்துறை அமைச்சர் அவர்கள் சமூகத்திற்கும், கோலாலம்பூரிலுள்ள மேதகு இந்தியத் தூதர் அவர்கள் சமூகத்திற்கும்,

பகாங் மாநிலம் கேமரன் மலையில், ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வரும் குடும்பங்களின் சார்பில் எங்கள் சங்கம் பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த, மலாயா கணபதி எனப்படும் எஸ். ஏ. கணபதி, 1948 ஜூனில் அச்சம்மேளனம் சட்டவிரோதமாக்கப்பட்டு அவசரகாலமும் பிரகடனமான பின்னர், 1949 மார்ச்சில் ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் ரப்பர்த் தோட்டத்தில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார் என்பதும், அதைப் போலீசிடம் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றதாக அவர் கூறிய சமாதானம் ஏற்கப்படாமல் அம்மாதத்திலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டது என்பதும், மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார் என்பதும் தாங்கள் அறிந்தவையே. அவருடைய அரசியல் எங்களில் பலருக்கு உடன்பாடன்று. அது இங்கே பிரஸ்தாபமுமன்று. ரப்பர்க் காட்டு வழக்கில் தேயிலை மலைக்கு என்ன அக்கறை என்று கேட்பாருமுண்டு. கூலி உயர்வுக்காகக் கூட்டம் கூடுவதே குற்றமோ என்று தோட்டத்து ஜனங்கள் நெடுங்காலம் அஞ்சி ஒடுங்கியதற்கு அந்தத் தூக்குமரம் ஒரு பிரதான காரணம் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

அவர் உயிரைக் காக்க, சுதந்திரம் பெற்று இரண்டாண்டும் நிறையாத இந்தியா தன் ராஜதந்திர பலத்தைப் பிரயோகித்துப் பார்த்தது. மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவராயிருந்து பின்னர் இந்திய சர்க்காரின் பிரதிநிதியான ஜான் திவி இங்கும், வி. கே. கிருஷ்ண மேனன் லண்டனிலும் தண்டனையைக் குறைக்குமாறு வாதாடினர். பிரதமர் நேரு காமன்வெல்த் மாநாட்டுக்காக லண்டனிலேயே இருந்த சமயம் அது; குடியரசாகிய பின்னும் இந்தியா அவ்வமைப்பில் நீடிக்கும் என்ற உடன்பாடு ஏப்ரல் 28ஆம் நாள் பிரகடனமாயிற்று. அதற்கு ஆறாம் நாளே கணபதியின் தண்டனை நிறைவேறியது. நட்பு நாட்டின் வேண்டுகோளுக்கு அன்று கிடைத்த மரியாதை அவ்வளவே!

ஜொகூரில் 1948ல் துப்பாக்கி வைத்திருந்ததாகக் கைதாகி, அவ்வாறே மரண தண்டனை பெற்ற சாம்பசிவத்தின் கதி வேறாயிற்று. அவருடைய மேல்முறையீடு பிரிவி கவுன்சில்வரை சென்று, 1950ல் அத்தீர்ப்பு ரத்தாகியது. மேல்முறையீட்டுக்கு அவகாசம் கிடைத்தால் விதிக்கப்பட்ட தூக்கும் தவறென்று தெளியக்கூடும் என்பதற்கு அதனினும் வேறு சாட்சியம் வேண்டுமோ?

ஆதலால், இவ்வழக்கைப் பற்றிக் கோலாலம்பூரிலுள்ள ஏடுகளையும், லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலும் புதுடில்லியிலும் உள்ளவற்றின் பிரதிகளையும், திவி, மேனன் ஆகியோரின் கடிதப் போக்குவரத்து உட்பட, மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்த்து, யாவரும் கட்டணமின்றி வாசிக்கச் செய்ய வேண்டுமென்றும், அதற்கு இந்தியத் தூதரகம் முன்வந்து உதவ வேண்டுமென்றும் வேண்டுகிறோம். அத்துடன், கணபதிக்கு நேர்ந்தது வேறெவர்க்கும் நேராதிருக்க, 28 நாள்வரை போலீஸ் காவலில் வைக்க இடந்தந்து, பெரும்பாலோர்க்கு ஜாமீனையும் மறுக்கும் 2012ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டமாகிய சோஸ்மாவைத் திருத்தி, ஜாமீன் தருவதா இல்லையா என்பதை நீதிபதியின் முடிவுக்கே விடவேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை. அயல்நாட்டார் வந்து மன்றாடித்தான் ஒரு பிரஜைக்கு நியாயம் கிடைக்குமென்ற நிலை சுதந்திர நாட்டுக்கு அழகன்று.

இம்மகஜருக்குரிய மறுமொழியை, எங்கள் தோட்டங்களில் எல்லோரும் கேட்கும்படி வாசிப்பதற்கு ஏதுவாக, மலாயிலும் தமிழிலும் எழுத்துமூலம் அனுப்பியருளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தார்