மிளகுத் தராசு யார் கையில்?

கண்டி மஹய்யாவையிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வழியாக மாத்தளைக்குச் செல்லும் வீதியில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்று ஜீவிக்கும் சிறு வியாபாரிகளுக்கு, அந்நியக் கம்பனியொன்றைக் கூட்டாளியாகத் தெரிவு செய்து கொடுத்திருக்கும் அதிகாரிகளின் முடிவை வாசகர்கள் அறிவார்கள். அதைப் புகழ்ந்து வந்த அறிக்கைகளையும் படித்திருப்பார்கள். எமக்கோ அதில் புகழத்தக்க அம்சம் ஒன்றும் புலப்படவில்லை.

வாசனைத் திரவியங்களைப் பயிரிடுவதிலும் ஆரம்பப் பதனிடுதலிலும் அந்நிய முதலீடு, விசேஷ அனுமதியின்றி நூற்றுக்கு 40 வீதத்தைத் தாண்டலாகாது என்பது விதி. அந்த எல்லையைக் காப்பாற்றிவிட்டதாக அதிகாரிகள் மார்தட்டுகிறார்கள். சரக்கைத் தரம் பிரிப்பதும், விலை நிர்ணயிப்பதும், கடல் கடந்து விற்பதும் கூட்டாளியின் தாய்க்கம்பனிக்கே உரியவை என்று எழுதிக் கொடுத்த பின், மீதி 60 வீதத்தை வைத்துக்கொண்டு நம்மவர் செய்யப்போவது என்ன? கூட்டுக் கம்பனியிடம் தானே மலிவாக வாங்கித் தன் தேசத்தில் தானே நல்ல விலைக்கு விற்பவனுடைய லாபம், கண்டியிலுள்ள கணக்குப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் தோன்றும்? நம் மிளகு காரம் தரும் பைபரினும் எண்ணெய்ச் சத்தும் மிகுந்தது. முற்றுமுன் பறித்த லேசான மிளகைக்கூடச் சாரம் வடிக்கும் ஆலைக்காரர்கள் தேடி வாங்குவது அதன் பொருட்டே. அப்படியிருக்க, ஒப்பந்தத்தில் எடைக்கு விலை இருக்கிறதேயொழியக் காரத்துக்கு ஒரு சதமும் இல்லை. முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயப்போடும் கிழவியைக் கேட்டிருந்தாலும் இந்தப் பிசகைச் சொல்லியிருப்பாள். அவளைக் கேட்பது அந்தஸ்துக்குக் குறைவு போலும்.

இந்த அதிகாரிகளின் பரம்பரைக்கு இது புதிதல்லவே! 2000 மார்ச்சில் அமுலுக்கு வந்த இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் நிழலில், இரு நாட்டுத் தீர்வை வித்தியாசத்தையே மூலதனமாகக் கொண்டு வந்த வனஸ்பதிக்காரரையும் செம்புக்காரரையும் மாலையிட்டு வரவேற்றார்கள். இந்தியா பிடியை இறுக்கியதும் ஆலைகள் பூட்டப்பட்டன, மாலையிட்டவர்கள் மட்டும் பதவி உயர்வோடு இருந்தார்கள். அதற்கு முன்னரே, 1995இல் கொழும்பு எரிவாயுக் கம்பனியின் 51 வீதத்தையும், கூடவே ஐந்தாண்டு ஏகபோகத்தையும் ஷெல்லுக்குக் கொடுத்து, 2010இல் பொதுப் பணத்தைச் செலவிட்டு மீட்டுக்கொண்ட வைபவமும் உண்டு. பெரிய கம்பனியை மீட்கப் பொக்கிஷம் இருந்தது. அக்குறணை வியாபாரியின் மிளகு மூட்டையை யார் மீட்பார்?

ஒப்பந்தத்தில் இன்னும் முத்திரை விழவில்லை என்று கேள்வி. விளைவிப்போரையும் விற்போரையும் அழைத்து, தகுந்த வேறொரு ஏற்பாட்டை யோசிக்க அவகாசம் இருக்கிறது. அடுத்த மிளகுப் பருவம் வந்துவிட்டால் அதுவும் இராது.