கணக்கு நோட்டு யார் கையில்?

புத்தகம் போடுகிறோம். ஐநூறு பிரதி அச்சடிக்கிறோம். நூறு பிரதி தோழர்களுக்குப் போகிறது, கொஞ்சம் விமர்சனத்துக்குப் போகிறது. மிச்சம் எங்கே? கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில். டவுனில் உள்ள கடைக்குச் சுமந்துகொண்டு போனால், ‘நாற்பது சதவீதம் கழிவு, வித்த பிறகுதான் காசு’ என்கிறார்கள். வித்துதா என்று கேட்கப் போனால், ‘அடுத்த மாசம் வாங்க தம்பி’. ஒரு கடைக்கு மூன்று வருஷம் நடந்தேன். கடைசியில், பாக்கிக்குப் பதிலாக அவர்கள் போட்ட பக்திப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

போன காசுகூடப் பெரிசில்லை. அந்த மூன்று வருஷத்தில் நம்ம புத்தகத்தை வாங்கினது யார்? ஆசிரியரா, கல்லூரிப் பெண்ணா, மில் தொழிலாளியா? அது கடைக்காரனுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. எழுதினவனுக்கும் படித்தவனுக்கும் நடுவில் ஒருத்தன் கல்லாப்பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கல்லாப்பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நமக்கென்று ஒரு சின்ன ஆன்லைன் கடையை, அடுத்தவனிடம் கையேந்தாமல், நாமே கட்டிவிட முடியும் என்று சொல்ல வருகிறேன்.

நடுவில் இருக்கிறவன் என்ன செய்வான் என்பது நமக்குப் புதிதல்ல. 1920 ஜனவரி 31 அன்று பாபாசாகேப் ‘மூக்நாயக்’ தொடங்கினார். அதற்கு ஒரு விளம்பரம் போடும்படி காசு கொடுத்துக் கேட்டும் ‘கேசரி’ மறுத்தது. அப்போது திலகர் உயிரோடு இருந்தார். 1936இல் லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டை ரத்து செய்தது. பாபாசாகேப் உரையை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளவில்லை. சொந்தக் காசில் 1,500 பிரதி அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தது. படிக்க ஆள் இல்லாமல் இல்லை. மேடையும் கடையும்தான் அடுத்தவன் கையில் இருந்தது.

‘கடை’ என்கிற சொல்லை அரசியல் சட்டத்திலேயே பார்க்கலாம். பிரிவு 15(2), சாதியின் பேரால் யாரையும் கடைக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, கடை என்றால் நாலு சுவர் மட்டுமல்ல, ஒரு சேவையைத் தர முன்வருகிற எதுவும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். ஆனால் சட்டம் சட்டமாகவே இருக்கிறது. 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம் ‘ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தரமாட்டோம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் ஒரு கடைக்காரர். அதை வீடியோ எடுத்துப் பரப்பவும் செய்தார்கள். வாங்கப் போகிற உரிமைக்கே இந்தக் கதி. விற்கிற இடத்தில் நாம் உட்கார எந்தச் சட்டப் பிரிவும் நாற்காலி போட்டுத் தரவில்லை. அதை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

‘பெரிய ஆன்லைன் கம்பெனிகள்தான் இருக்கே, அதிலே போட்டுட்டாப் போச்சு’ என்று தோழர்கள் சொல்கிறார்கள். போடலாம். ஆனால் அதுவும் டவுன் கடையின் அண்ணன்தான். கழிவு அவன் சொல்கிற கணக்கு. உன் புத்தகத்தை மேலே காட்டுவதும் அடியில் புதைப்பதும் அவன் இஷ்டம். வாங்கினவரோடு நாளைக்கு நீ பேச நினைத்தால் அவரோடான தொடர்பு உன்னிடம் இருக்காது. கணக்கு நோட்டு அவனிடம்.

சரி, சொந்தமாகக் கட்ட என்ன செலவாகும்? லட்சம் கேட்பவர்கள் உண்டு, நம்ப வேண்டாம். கடைக்கு ஒரு பெயர், அதாவது டொமைன். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். அந்தக் கடை நிற்க வாடகை இடம், அதாவது ஹோஸ்டிங். அது இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை. முதல் வருஷம் மலிவாகக் காட்டி இரண்டாம் வருஷம் ஏற்றிவிடுவார்கள். அதனால் புதுப்பிக்கிற விலையைக் கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். கடையைக் கட்டுகிற வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் இரண்டும் கட்டற்ற மென்பொருள், இலவசம். பூட்டுக்கு, அதாவது பாதுகாப்புச் சான்றிதழுக்கு, காசு கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அதைச் சும்மா தருகிறது. ஆக, ஐயாயிரம் ரூபாய்க்குள் முதல் வருஷம் ஓடிவிடும். ஒரு கூட்டத்துக்கு மைக் செட்டும் பேனரும் வைக்கிற செலவுகூட இதைவிட அதிகம்.

அதுகூட முதலிலேயே தேவையில்லை. பத்துப் புத்தகம், பத்து அட்டைப்படம், விலை, முகவரி எழுத ஒரு படிவம், பணம் அனுப்ப ஒரு க்யூஆர் படம். இது போதும். 2020 ஜனவரியிலிருந்து யூபிஐ வழியாக வரும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. கார்டும் வேண்டும் என்று பேமென்ட் கேட்வே வைத்தால் நூற்றுக்குச் சுமார் இரண்டு ரூபாய் போகும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படத்தைப் போனில் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், சுருக்கிப் போடுங்கள். சேரியில் சிக்னல் ஒரு கோடு காட்டுகிற போனிலும் நம்ம கடை திறக்க வேண்டும்.

அஞ்சல்தான் பெரிய கவலையாக இருந்தது. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலைத் திடீரென்று நிறுத்தி, சிறு பதிப்பாளர்களின் வயிற்றில் அடித்தார்கள். 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்று ஒன்று வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி என்று அறிவித்தார்கள். நூலில் பதிப்பாளர் அல்லது அச்சகத்தார் பெயர் இருக்க வேண்டும். வியாபார விளம்பரம் இருக்கக் கூடாது. 150 ரூபாய்ப் புத்தகத்துக்குக் கடைக்காரன் எடுப்பது 60 ரூபாய். நாமே அனுப்பினால் அஞ்சல், உறை எல்லாம் போக 30 ரூபாயாவது இயக்கத்துக்கு மிஞ்சும். அச்சிட்ட நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. நூல் மட்டும் விற்றால் பதிவும் வேண்டாம். சட்டை, தோல்பை என்று வரியுள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்கத் தொடங்கும்போது விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, கசப்பான ஒன்று. நம்ம பத்திரிகைகள் நின்றதற்கெல்லாம் காசு இல்லாதது மட்டுமா காரணம்? குழு உடைந்தது. முகவரி நோட்டை ஒருத்தர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது நோட்டுக்குப் பதில் பாஸ்வேர்டு. கடையின் பெயரை ஒரு தனி ஆளின் பேரில், அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதியாதீர்கள். சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பார்சல் கட்டுவது பெண் தோழர், கணக்கு பார்ப்பது ஆண் தோழர் என்று நமக்குள்ளேயே ஒரு வருணம் வேண்டாம். மாதம் ஒருமுறை வரவு செலவை எல்லோர் முன்னாலும் படியுங்கள்.

கணக்கு நோட்டு நம் கைக்கு வந்ததும் பொறுப்பும் வருகிறது. 2018 ஆகஸ்ட் 28 அன்று ஐதராபாத்தில் ஒரு தலித் பேராசிரியரின் வீட்டைச் சோதனையிட்ட போலீஸ், இவ்வளவு புத்தகம் எதற்கு, சாமி படம் இல்லாமல் அம்பேத்கர், பூலே படம் எதற்கு என்று கேட்டது. புத்தகம் வாங்கியதே குற்றத்தின் தடயமாகப் பார்க்கப்படுகிற நாடு இது. விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு மாணவி நம்மிடம் சாதி ஒழிப்பு நூலை வாங்கினால், அது நமக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். உறை மேல் நூலின் பெயரைப் போடாதீர்கள். சாதி, கல்லூரி, வயது எதையும் படிவத்தில் கேட்காதீர்கள். ‘அடுத்த புத்தகம் வந்தால் சொல்லுங்க’ என்று அவரே சொன்னால் மட்டும் முகவரியை வையுங்கள். இல்லையென்றால் பார்சல் சேர்ந்ததும் அழித்துவிடுங்கள். கணக்குக்கு நூலின் பெயரும் தொகையும் போதும். அடுத்தவன் கடையில் இப்படி அழிக்கிற அதிகாரம் நமக்கு ஏது?

‘இது தலித் முதலாளித்துவம் இல்லையா தோழர்?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கடை வைத்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒருத்தன் பணக்காரனாகி மேலே ஏறிப் போவதற்காக இதைச் சொல்லவும் இல்லை. மிஞ்சுகிற முப்பது ரூபாய் அடுத்த புத்தகத்தின் காகிதச் செலவு, அவ்வளவுதான். ‘நம்ம சனங்க புத்தகம் வாங்குவாங்களா?’ என்று கேட்பவர்கள் டிசம்பர் 6 அன்று மும்பை சைத்யபூமிக்குப் போய்ப் பாருங்கள். நாக்பூர் தீக்ஷாபூமிக்குப் போய்ப் பாருங்கள். கூலிக்காரர்கள் தரையில் விரித்த கடைகளில் குனிந்து நின்று புத்தகம் தேர்ந்தெடுத்து, துணி மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். அந்த நடைபாதைக் கடைகளை எந்தப் பெரிய கம்பெனியும் வைத்துத் தரவில்லை. ஆனால் அந்தக் கடை வருஷத்தில் சில நாள்தான். நாம் கட்டப் போவது அதே கடையைத்தான், மற்ற நாட்களுக்கும்.

மாணவத் தோழர்களே, உங்களில் ஒருவருக்காவது இந்த வேலை தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் வந்துவிடும். கட்டிலுக்கு அடியில் உள்ள கட்டுகளைப் பிரியுங்கள். ஏப்ரல் 14 கூட்டத்தில் மாலை போடுவதற்கு முன்னால், எத்தனை புத்தகம் போனது, எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று முதல் கணக்கைப் படியுங்கள்.