தங்கையை மறைத்தால் தள்ளுபடி!

“உங்கள் வீட்டில் எத்தனை பேர்?” - வாக்குக் கேட்க வருபவர் கேட்கிறார். ரேஷன் அட்டை எழுதுபவர் கேட்கிறார். மக்கள் தொகைக் கணக்கெடுக்க வருபவர் கேட்கிறார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறார். கேட்காத ஒரே ஒருவர் வருமான வரிக்காரர்! அவர்மீது குற்றமில்லை. கேட்க வேண்டாமென்று டில்லி அவருக்குச் சொல்லிவிட்டது.

தோழர்களே! சம்பளம் வாங்குவது ஒரு கை. அதைத் தின்பது எத்தனை வாய்? கண் மங்கிய தாய், காலேஜில் படிக்கும் மகன், கணவனை இழந்து பிறந்த வீடு திரும்பிய அக்காள், அவள் பெற்ற பிள்ளைகள், பிறந்த நாள் முதல் எழுந்து நடக்காத தங்கை. இத்தனை பேரையும் தோளில் சுமப்பவனைத்தான் நம் ஊரில் குடும்பஸ்தன் என்கிறோம். புதிய வரிமுறையில் அவனுக்கு வேறு பெயர்: ஒண்டிக்கட்டை!

எப்போதும் இப்படியா இருந்தது? இல்லை. 1955இல் சி. டி. தேஷ்முக் நிதியமைச்சராக இருந்தபோது, மணமானவருக்கு 2,000 ரூபாய் வரை வரி கிடையாது, மணமாகாதவருக்கு 1,000 ரூபாய் வரைதான் என்று பிரித்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் குழந்தைகளும் கணக்கில் ஏறினர். குழந்தை இல்லாத தம்பதிக்கு 3,000, ஒரு குழந்தை என்றால் 3,300, இரண்டு என்றால் 3,600. மூன்றாவது பிறந்தால் அதற்குச் சலுகை இல்லை. அது குடும்பக் கட்டுப்பாட்டுக் கவலை, போகட்டும்! தொகை சிறிதுதான். ஆனாலும் சர்க்கார் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, “அடுப்பைச் சுற்றி எத்தனை தட்டு?” என்று கேட்டது. பின்னாளில் அந்தக் கேள்வி சட்டத்தைவிட்டே போயிற்று.

அது போன பிறகு மிஞ்சியவை துண்டு துண்டான கழிவுகள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80சி பிரிவில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். 80டி பிரிவில் மருத்துவக் காப்பீட்டுத் தவணை: தனக்கும் மனைவி மக்களுக்கும் 25,000 வரை, மூத்த குடிமக்களான பெற்றோருக்கு 50,000 வரை. 80டிடிபி பிரிவில் குறிப்பிட்ட சில கொடிய நோய்களுக்கான சிகிச்சைச் செலவு. இவற்றுள் மனிதத்தன்மை மிக்கது 80டிடி. உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள ஒருவரை வைத்துக் காப்பாற்றுபவருக்கு 75,000 ரூபாய் கழிவு. குறை 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. எவ்வளவு செலவழித்தாய் என்று ரசீது ரசீதாகக் கேட்பதில்லை. அரசு மருத்துவச் சான்று போதும். 2015இல் வைத்த தொகை அது. அதற்குப் பிறகு மருந்து விலை ஏறியது, ஆயா கூலி ஏறியது, தொகை ஏறவில்லை.

யார் யாரை இந்தப் பிரிவில் காட்டலாம்? கணவன் அல்லது மனைவி, மக்கள், தாய் தந்தையர், உடன்பிறந்தார். அவ்வளவே. மாமனார் இல்லை, மாமியார் இல்லை. அக்காள் மகன் இல்லை. பாட்டி இல்லை. ஆனால் ‘இந்துக் கூட்டுக் குடும்பம்’ என்று தனியாகக் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் எந்த உறுப்பினரையும் காட்டலாம் என்று அதே பிரிவு தாராளம் காட்டுகிறது! சொத்தைக் கூட்டாக வைத்திருப்பவனுக்குச் சுற்றம் விரிகிறது, சோற்றைக் கூட்டாக உண்பவனுக்குச் சுருங்குகிறது. கோவளத்துக் கிறித்துவ மீனவர் வீட்டுப் பிள்ளை உத்தியோகம் பார்த்தால் அந்த வாசல் அவனுக்கு இல்லவே இல்லை.

நம்மவர் கப்பலேறிப் போன சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே உடற்குறையுள்ள உடன்பிறந்தாருக்கு 5,500 வெள்ளி கழிவு. மனைவியின் உடன்பிறந்தாராக இருந்தாலும் உண்டு. பெற்றோருக்கான கழிவில் மாமனார், மாமியார், பாட்டன், பாட்டி அனைவரும் வருகிறார்கள். புதுவையை ஆண்டுவிட்டுப் போன பிரெஞ்சுக்காரரின் நாட்டில் 1945 முதல் குழந்தைகளையும் பங்காக எண்ணி, வருமானத்தை வகுத்துத்தான் வரி போடுகிறார்கள். குடும்பப் பாசம் கீழ்நாட்டின் தனிச்சொத்து என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் நாம்!

மாமல்லபுரத்துப் பெரும்பாறையை அறியாதவர் யார்? அதிலே பெரிய யானை ஒன்று நிற்கிறது. அதன் வயிற்றடியில், கால்களுக்கிடையில், குட்டிகள். பல்லவன் காலத்துச் சிற்பி யானையைத் தனியாகச் செதுக்கியிருந்தால் உளிவேலை மிச்சம். ஆனாலும் குட்டிகளை விடவில்லை. 2019 அக்டோபரில் பிரதமரும் சீன அதிபரும் அந்தப் பாறை முன் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2020 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் புதிய வரிமுறை பிறந்தது: வீதம் குறைவு, ஆனால் 80சி, 80டி, 80டிடி எதுவும் கிடையாது. யானைக்கு மட்டும் இடம்! முதலில் விரும்பினால் எடுத்துக்கொள் என்றார்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து அதுவே தானாக வரும் முறையாயிற்று. பழையது வேண்டுமென்றால் நீயாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்டு வாங்கினால்தான் என்ன கிடைக்கிறது? 2025-26 நிதியாண்டுக் கணக்கைப் போடுவோம். மாமல்லபுரத்தில் சொந்த வீட்டில் குடியிருந்து, மறைமலைநகர்ப் பக்கம் தொழிற்சாலைக்குப் போய்வரும் மூத்த தொழிலாளி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சங்கம் போராடி வாங்கித்தந்த சம்பளம் ஆண்டுக்கு 14 லட்சம். வீட்டில் மனைவி மக்கள், வயதான தாய், 80 விழுக்காட்டுக்கு மேல் உடற்குறையுள்ள தங்கை.

பழைய முறை: நிலையான கழிவு 50,000; சேமிப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் 1,50,000; மருத்துவக் காப்பீட்டுக்கு 75,000; தங்கைக்கு 1,25,000. சட்டம் அனுமதித்த உச்சவரம்பு வரை எல்லாம் கழித்தாயிற்று. மிச்சம் 10 லட்சம். அதற்கு வரி, செஸ் உட்பட, 1,17,000.

புதிய முறை: நிலையான கழிவு 75,000. தாயைப் பற்றிப் பேச்சில்லை, தங்கையைப் பற்றிப் பேச்சில்லை. மிச்சம் 13,25,000. வரி 81,900.

அதாவது, “எனக்கொரு தங்கை உண்டு” என்று சொன்னால் 35,100 ரூபாய் அதிகம்! தங்கையை மறைத்தால் தள்ளுபடி! இப்படி ஒரு நிலையில் எந்தத் தொழிலாளி பழைய முறையைக் கேட்பான்? 80டிடி புத்தகத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்ற 2025இல் நிறைவேற்றி, 2026 ஏப்ரல் 1 என்று நாள் குறித்த புதிய சட்டத்திலும் வேறு எண் தாங்கி இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய்!

இன்னொன்றும் பாருங்கள். அந்த 1,25,000 ஒன்றை மட்டும் புதிய முறையில் சேர்த்திருந்தால் மிச்சம் சரியாக 12 லட்சம். 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி என்று 2025இல் அறிவித்தவர்கள் அவர்களே. அப்போது இவருக்கு வரி ஒரு காசும் இல்லை.

“சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரியே இல்லையே, இன்னும் என்ன?” என்பார்கள். மெத்தச் சரி, மறுக்கவில்லை. அந்த வரம்புக்குள் இருக்கும் தோழனுக்கு இதனால் நட்டமில்லை. உளி பிடித்துக் கல் அடிக்கும் சிற்பிக்கும் இந்தச் சட்டத்தோடு வழக்கில்லை. வழக்கு, அந்த வரம்பைத் தாண்டியவனுக்கு. ஒரே சம்பளம் வாங்கும் இருவர், ஒருவன் தனியாள், மற்றவன் வீட்டில் படுத்த படுக்கையாய் ஒரு உயிர். இருவருக்கும் ஒரே வரி என்பது சமத்துவமா?

“படிவம் எளிமையாக வேண்டாமா?” என்பார்கள். வேண்டும்தான். ஆனால் அதே எளிய படிவத்தில், தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளி செலுத்தும் பங்குக்குக் கழிவு உண்டு. புதிதாக ஆள் சேர்க்கும் முதலாளிக்குக் கழிவு உண்டு. அவை வந்தபோது எளிமை கெடவில்லை, தங்கை வந்தால் கெட்டுவிடுமா? பொய்க் கணக்குக் காட்டுவார்கள் என்ற அச்சமும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனித்துவ அடையாள அட்டை கொடுத்திருப்பதே அரசுதானே; எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும்.

வருமான வரி மத்தியப் பட்டியலில் உள்ளது. நம் சட்டமன்றத்தில் ஒரு எழுத்தைத் திருத்த முடியாது. எனவே கிளைத் தோழர்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும். தொழிற்சாலை வாயிலில், பஸ் டிப்போவில், பள்ளிக்கூடத்தில் உள்ள நம்மவர்களிடம், ரிட்டர்ன் போடுமுன் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக் கடன் வட்டியோ வாடகைக் கழிவோ உள்ளவருக்குப் பழைய முறை இலாபமாகக் கூடும். அவர் அதை ஆண்டுத் தொடக்கத்திலேயே நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையேல் புதிய முறைப்படி சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். வீட்டில் உடற்குறையுள்ளவர் இருந்தும் சான்று வாங்காதிருந்தால் செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அந்தச் சான்று வரிக்கு மட்டுமல்ல, உதவித்தொகைக்கும் வேண்டும்.

மற்றது, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு. 80டிடி கழிவைப் புதிய முறையிலும் சேர்க்க வேண்டும். உறவுப் பட்டியலில் மாமனார் மாமியாரும், உடன்பிறந்தார் மக்களும் இடம்பெற வேண்டும். மேலே போட்ட கணக்கை அப்படியே எழுதி இணைத்து, பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம் வருமுன் அவர் கையில் சேருங்கள்.