கச்சான் வீசும் மாதங்கள்

வைகாசி பிறந்துவிட்டால் வானொலியும் பத்திரிகைகளும் தென்மேற்குப் பருவக்காற்றின் வருகையை அறிவிக்கத் தொடங்கிவிடும். களுகங்கை கரைபுரளுகின்றது என்பர்; மலைநாட்டில் மண்சரிவு அபாயம் என்பர். அச்செய்திகளைப் படித்துவிட்டு வினாயகபுரத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு, மேற்கிலிருந்து விரைந்தோடும் வெண்மேகத் துணுக்குகளையன்றி வேறொன்றும் தென்படாது. முற்றத்து மணலோ கால்வைக்க இயலாமற் கொதிக்கும். "ஒரே தீவுக்கு இரண்டு வானமா, சேர்?" என மாணாக்கர் நம்மை வினவுவதுண்டு. நியாயமான வினாவே.

இரத்தினபுரிக்கும் நம் கரைக்கும் நேர்கோட்டில் சுமார் 160 கிலோமீற்றர் தூரந்தான் இருக்கும். ஆயினும் ஆனி மாதத்தை ஒட்டி அங்கே சராசரியாக 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிய, மட்டக்களப்பிலே 30 மில்லிமீற்றர் பெய்வதும் அரிது. மார்கழியில் நிலைமை தலைகீழாகும். அப்போது மட்டக்களப்பு 400 மில்லிமீற்றரைக் காணும்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் நடுவே நிற்கும் மலைகள். இந்துசமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவரும் காற்று மலைச்சரிவில் மோதி மேலேறுகின்றது. மேலேறும் காற்று விரிந்து குளிரும், குளிர்ந்தால் நீராவி ஒடுங்கி முகிலாகும், முகில் மழையாகும். வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் பெய்வது இவ்வாறே. சிகரங்களைத் தாண்டும்போது காற்று தன் ஈரத்தின் பெரும்பங்கை இழந்துவிடுகின்றது.

கதை இத்துடன் முடிந்தால் நம் பக்கம் வெறும் வரட்சியே இருக்க வேண்டும். இத்துணை வெப்பம் ஏன்? இதனைப் பாடநூல்கள் ஒரு வரியிற் கடந்துவிடுவது நமக்குக் குறையாகவே படுகின்றது. உலர்ந்த காற்று 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 10 பாகை குளிரும். முகில் உண்டானபின் அவ்வளவு குளிராது. நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் குறுக்கிடுவதால் 5 அல்லது 6 பாகையே குறையும். மறுபக்கம் இறங்கும்போதோ முகில் இல்லை. ஆகவே 1,000 மீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறும். கணக்கிட்டுப் பாருங்கள். 30 பாகையிற் புறப்பட்ட காற்று 500 மீற்றரில் முகிலாகி, 2,000 மீற்றர் மலையைக் கடந்து, மறுபுறம் கடல்மட்டத்துக்கு இறங்கினால் 36 பாகையில் வந்து சேரும். ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் ஒன்றே. வெப்பத்தில் 6 பாகை மிச்சம்! அல்ப்ஸ் மலையடிவாரத்தினரும் இத்தகைய காற்றுக்குத் தனிப்பெயர் வைத்திருக்கின்றனர். நம்மவர் இட்ட பெயர் கச்சான். (சிறுவர் நாவூற வேண்டாம், நாம் கூறுவது கடலையை அன்று.)

தமிழகத்திலும் இதே விதி உண்டு. ஆனால் மேற்குத்தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக் கணவாய் இருப்பதால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல் கிட்டிவிடுகின்றது. நமக்கு அத்தகைய கணவாய் வாய்க்கவில்லை.

வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மனுக்குத் திருக்குளிர்த்தி நடப்பதையும், வரட்சி நீளும் ஆண்டுகளில் முஸ்லிம் ஊர்களில் மழைத்தொழுகை நடப்பதையும் இக்காற்றின் பின்னணியில் வைத்துப் பார்த்தால், இக்கரையின் இரு சமூகத்தாரும் எதை அஞ்சி வாழ்ந்தனர் என்பது விளங்கும்.

சிறுபோகம் செய்வோர் இதை நன்கறிவர். இங்கினியாகலையில் 1949இல் வேலை தொடங்கிக் கட்டப்பட்ட சேனாநாயக்க சமுத்திரமே இக்கரையின் பல வட்டைகளுக்குக் கோடையில் நீர் தருகின்றது. எனினும் கல்லோயா ஊற்றெடுப்பது மலைகளின் கிழக்குப் பக்கத்தில். ஆகவே ஆனி, ஆடியில் இரத்தினபுரி வெள்ளத்தில் மிதந்தாலும் அதில் ஒரு துளி இவ்வாற்றுக்கு வாராது. சாகாமக் குளத்துக்கும் இதே கதிதான். ஐப்பசியிலிருந்து தை வரை சேர்ந்த நீரைக்கொண்டே ஆடி, ஆவணியைக் கடக்க வேண்டும். பெரும்போக மழை பொய்த்த ஆண்டில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது ஒரு குடும்பத்தின் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் நிர்ணயிக்கும் கேள்வியாகிவிடுகின்றது. 2017ஆம் ஆண்டை மறக்க முடியுமா? அவ்வாண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறைப் பகுதிகளில் வெள்ளமும் மண்சரிவும் 200க்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டன. அதே ஆண்டில் வடக்கும் கிழக்கும் கடும் வரட்சியில் வாடின.

இத்தனைக்கும் நடுவே, ஆவணி, புரட்டாதியில் சில மாலைகளில் திடீரென இடிமுழங்கி மழை கொட்டுவதுண்டு. கச்சான் பலமாய் வீசும் நாட்களில் கடற்காற்றால் கரையேற முடிவதில்லை. அது தளரும் பிற்பகல்களில் கடற்காற்று உட்புகுந்து மேல்காற்றோடு மோதுகின்றது. மோதிய இடத்தில் சூடான காற்று செங்குத்தாய் எழுந்து கருமுகிலாகின்றது. மோதும் கோடு நாளுக்கு நாள் இடம்மாறுவதால் ஒரு வட்டையில் வரம்பு நிறைய, அடுத்த வட்டையில் புழுதி பறக்கும். "ஊவா, கிழக்கு மாகாணங்களில் சில இடங்களில் மாலையில் இடியுடன் கூடிய மழை" என்று வானிலை அவதான நிலையம் அறிவிக்கும்போது, "சில இடங்களில்" என்ற சொற்களையே கவனித்துக் கேட்க வேண்டும். நெல்லைக் காயப்போட்டிருப்போர் பிற்பகல் மூன்று மணிக்குமேல் மேற்கு அடிவானத்தில் ஒரு கண் வைத்திருப்பது நலம்.