சாம்பல் மையும் தமிழ்ப் புள்ளியும்

பிராஸ் பசா வளாகத்து எழுதுபொருட் கடைகளில் புதிய மையொன்றைச் சோதித்துப் பார்க்கும் தமிழர், அதற்கெனத் தரப்படும் தாளில் எதனை எழுதுகின்றனர்? பெரும்பாலும் ஆங்கிலக் கையொப்பம். இல்லையேல் நரியும் நாயும் வரும் அந்த ஆங்கில வாக்கியம். சிராங்கூன் சாலையில் தமிழில் பேரம் பேசியவரே, சிறிது தொலைவு கடந்து இங்கு வந்ததும் பேனா முனையில் ஆங்கிலேயராகிவிடுகின்றார்!

கறுப்பு மையாயின் இதனால் வரும் இழப்புச் சிறிது. சாம்பல் மையாயின் அவ்வாறன்று. ஜப்பானியப் பைலட் நிறுவனம் 2007இல் தொடங்கிய 'இரோஷிசுக்கு' மை வரிசையில் மென்தூறலின் பெயரால் ஒரு சாம்பலும், கடுங்குளிரின் பெயரால் மற்றொரு சாம்பலும் வெளிவந்தன. இத்தகைய மைகள் தேங்கிய இடத்தில் கருத்தும், விரைந்த இடத்தில் வெளிறியும் நிற்பன. அழகுதான், ஐயமில்லை. ஆனால் அவ்வழகுக்கு முதற்பலியாவது தமிழ்ப் புள்ளி.

ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகள் இரண்டிற்கே புள்ளி உண்டு. அது மங்கினும் சொல் கெடாது. தமிழிலோ புள்ளி மறைந்தால் 'பல்' 'பல' ஆகும். 'கல்' 'கல' ஆகும். மெய்க்குப் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. எனினும் ஓலை எழுதியோர் புள்ளியிடாது விட்டனர். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அத்தகைய ஏடுகளோடு பட்ட பாட்டைத் தமிழாசிரியர் அறிவர். அச்சு மீட்டுத் தந்த புள்ளியை வெளிறிய மைக்கு விட்டுக்கொடுப்பதா?

மெல்லிய முனையில் புள்ளி மங்குகின்றது எனத் தடித்த முனையை நாடினால், வேறோர் இடர் எழுகின்றது. மலிவான பயிற்சிப் புத்தகத் தாளில் மை கசிந்து, ணகரத்தின் சுழிகள் அடைபடும்; மணமும் மனமும் ஒன்றாய்த் தோன்றும். மையும் முனையும் தாளும் ஒருங்கே பொருந்துமா என்பதை ஆங்கிலக் கையொப்பம் எங்ஙனம் காட்டும்?

தேர்வுத்தாள் கருநீலமோ கறுப்போதான் கேட்கின்றது. மாணவர்க்குச் சாம்பல் மை எதற்கு என்பார் உளர். தேர்வுக்கு அவ்விதி தக்கதே. ஆயின் தேர்வுக்கு மட்டுமே தமிழ் எழுதும் மாணவன், இறுதித் தேர்வு முடிந்த அன்றே தமிழ் எழுத்தைக் கைவிடுகின்றான். குறிப்பேடு, நண்பனுக்கு ஒரு மடல், கவிதையின் முதற்படி ஆகியவற்றிற்கு அவன் விரும்பிய நிறத்தை எடுக்கட்டும். ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று வினாத்தாளுக்குள் மட்டும் வாழ்வது என்ன வாழ்வு?

ஆகவே, பேனா வாங்கச் செல்லும் மாணவன் வழக்கமாய் எழுதும் தாளில் ஒன்றைக் கையோடு கொண்டு செல்க. 'பல், பல, மணம், மனம், கண்ணன், மன்னன்' என இயல்பான விரைவில் எழுதுக. மை உலர்ந்த பின், கை நீட்டிய தொலைவில் வைத்துப் படிக்க. புள்ளி தெரியவில்லையேல் அக்குப்பியைக் கடைக்காரரிடமே திருப்பித் தருக. ஏன் என்று அவர் கேட்டால், அத்தாளையே காட்டுக.