ஒரே டெட்லிஃப்ட்... ஆளுக்கொரு ஆரம்பம்! உங்கள் உடல்வாகுக்கு எது சரி?

மாலை 6 மணி. ஜிம்மில் இரண்டு நண்பர்கள். ஒரே வயது, ஒரே உயரம். சேர்ந்ததும் ஒரே மாதத்தில்தான். இன்று இருவருக்கும் டெட்லிஃப்ட். பாரில் இருப்பதும் ஒரே எடைதான்.

"இடுப்பை நல்லா இறக்கு, நெஞ்சை நிமிர்த்து, தூக்கு!" என்று ட்ரெய்னர் இருவருக்கும் ஒரே மாதிரிதான் சொல்கிறார். முதல் நண்பர் அலுங்காமல் தூக்கி நிமிர்ந்துவிடுகிறார். இரண்டாமவருக்கோ, எடை தரையைவிட்டுக் கிளம்பும் முன்பே இடுப்பு மேலே எகிறுகிறது. பார் காலைவிட்டு முன்னால் விலகுகிறது. மறுநாள் காலை கட்டிலைவிட்டு எழும்போது கீழ்முதுகில் ஒரு பிடிப்பு.

"எனக்கு டெட்லிஃப்ட் செட் ஆகாதுப்பா" என்று அதோடு விட்டுவிடுகிறார்.

எந்த ஊர் ஜிம்மிலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். அவருடைய முயற்சியில் குறை எதுவும் இல்லை. நண்பரின் உடம்புக்குப் பொருந்துகிற நிலையில் இவர் நின்றதுதான் பிரச்னை.

பார் எல்லோருக்கும் ஒன்றுதான்!

தரையில் கிடக்கும் எடையைப் பிடித்து, முழுதாக நிமிரும் வரை தூக்கி, மறுபடி தரையில் வைப்பதுதான் டெட்லிஃப்ட். பிட்டம், தொடையின் பின்பக்கம், முதுகுத்தண்டை ஒட்டியிருக்கும் தசைகள் என எல்லாம் சேர்ந்து உழைக்கும் பயிற்சி இது.

போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதனால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ உயரத்தில் இருக்கும். தூக்குபவர் ஐந்தடியா, ஆறடியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உடம்புதான் பாரைத் தேடி இறங்க வேண்டும்.

எவ்வளவு இறங்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு. நேராக நின்று கைகளைத் தொங்கவிடும்போது ஒருவரின் மூடிய கை தரையிலிருந்து 70 செ.மீ உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் எடையைத் தூக்க வேண்டிய தூரம் 47.5 செ.மீ. அதே உயரமுள்ள இன்னொருவருக்குக் கை குட்டை. மூடிய கை 76 செ.மீ உயரத்தில் இருக்கிறது. அவர் தூக்க வேண்டியது 53.5 செ.மீ. உயரம் ஒன்று, எடை ஒன்று. ஆனால், ஒவ்வொரு முறையும் இவருக்கு 6 செ.மீ கூடுதல் வேலை.

கை, தொடை, முதுகு

கை நீளமாக இருப்பவர் அதிகம் குனியாமலேயே பாரை எட்டிவிடுவார். அவருடைய முதுகு ஓரளவு நிமிர்ந்தே இருக்கும். கை குட்டையாக இருப்பவர் இன்னும் குனிந்துதான் ஆக வேண்டும்.

தொடை எலும்பு நீளமாக இருந்தால், குனியும்போது இடுப்பு பின்னால் வெகுதூரம் போகும். அதைச் சமன் செய்ய முதுகு முன்னால் சாயும். இவரைப் பிடித்து "இடுப்பை இறக்கு" என்றால், முழங்கால் முன்னால் போய் பாரைத் தள்ளிவிடும். எடையை இழுக்கத் தொடங்கியதும் இடுப்பு தன் இயல்பான உயரத்துக்கு ஏறிவிடும். இரண்டாவது நண்பருக்கு நடந்தது இதுதான்.

அப்படியென்றால் முதுகு சாய்வது தவறில்லையா? இல்லை. சாய்வது வேறு, கூனுவது வேறு. முதுகு எந்தக் கோணத்தில் சாய்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால், தூக்கும்போது முதுகு கூன் விழுந்து வளையாமல் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது.

உடல்வாகு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பவர்லிஃப்டர் லமார் கேன்ட் நல்ல உதாரணம். 1985-ல் 60 கிலோ எடைப்பிரிவில் அவர் தூக்கியது 300 கிலோ. தன் எடையைப்போல ஐந்து மடங்கு தூக்கிய முதல் மனிதர் அவர். ஸ்கோலியோசிஸ் என்ற முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் பிரச்னை அவருக்கு இருந்தது. அதனால் உடல் குட்டையாக, கைகள் மிக நீளமாகத் தெரியும். நிமிர்ந்து நிற்கும்போது பார் அவருடைய முழங்காலுக்குச் சற்று மேலேதான் இருக்கும். அவர் தூக்கிய விதத்தை அச்சு அசலாக இன்னொருவர் செய்ய முடியாது. ஸ்கோலியோசிஸ் உள்ளவர்கள் அவரைப் பார்த்து டாக்டரிடம் கேட்காமல் எடையைத் தொடவும் கூடாது.

வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்!

கண்ணாடி முன்னால் நேராக நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். விரல் நுனி முழங்காலை நெருங்கினால் கை நீளம். தொடையின் பாதியிலேயே நின்றுவிட்டால் கை குட்டை. அடுத்து, உங்கள் உயரமே உள்ள ஒருவருடன் ஒரே பெஞ்சில் உட்காருங்கள். உங்கள் தலை மேலே தெரிந்தால் உடல் நீளம், கால் குட்டை. கீழே இருந்தால் கால் நீளம்.

உங்கள் இடுப்பு உயரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

* பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே பார் இருக்கும்படி நில்லுங்கள். குனிந்து பார்த்தால் ஷூ லேஸ் முடிச்சுக்கு மேலே தெரிய வேண்டும்.

* பாரை நகர்த்தாமல் குனிந்து, கால்களுக்கு வெளியே பிடியுங்கள்.

* முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு பாரைத் தொடும் வரை மட்டும் முழங்காலை மடக்குங்கள். அங்கே நிறுத்துங்கள். இப்போது இடுப்பு எங்கே இருக்கிறதோ, அதுதான் உங்கள் உயரம்.

* இடுப்பை அசைக்காமல் நெஞ்சை மட்டும் நிமிர்த்துங்கள். தோள்கள் பாருக்குச் சற்று முன்னால் இருக்கும்.

* மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கி, பார் காலை ஒட்டியே மேலே வரும்படி எழுந்திருங்கள்.

பக்கவாட்டிலிருந்து ஒருமுறை மொபைலில் வீடியோ எடுத்துப் பாருங்கள். இடுப்பும் தோளும் ஒன்றாக ஏறினால் ஆரம்பம் சரி. இடுப்பு மட்டும் முதலில் எகிறினால், அடுத்த முறை சற்று உயரத்திலிருந்தே தொடங்குங்கள்.

அப்படியும் சரிவரவில்லையா?

கை குட்டையாகவும் தொடை நீளமாகவும் இருப்பவர்கள் சுமோ டெட்லிஃப்ட்டை முயலலாம். கால்களை அகல வைத்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, கைகளைக் கால்களுக்கு உள்ளே விட்டுப் பிடிக்கும் முறை இது. இதில் முதுகு அதிகம் சாயாது, தூக்கும் தூரமும் குறையும். 'இது ஏமாற்று வேலை' என்று சிலர் கிண்டல் செய்வார்கள். சர்வதேச பவர்லிஃப்டிங் போட்டிகளில் இதற்கும் அனுமதி உண்டு. ஆனால், இடுப்பு மூட்டின் அமைப்பும் ஆளுக்கு ஆள் மாறும். காலை அகட்டும்போது இடுப்பில் குத்தல் இருந்தால், இது உங்களுக்கானது இல்லை.

இன்னொரு எளிய வழி, பாரை உயர்த்துவது. புதிதாகச் சேரும் பெண்களும் மாணவர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. 5 கிலோ இரும்பு பிளேட் சிறியது. அதைப் போட்டால் பார் 22.5 செ.மீ-யைவிடக் கீழே இறங்கிவிடும். பக்கத்தில் பெரிய பிளேட் போட்டுத் தூக்கும் அனுபவசாலியைவிட, புதியவர் அதிகம் குனிய வேண்டியிருக்கும்! இரண்டு பக்கமும் பிளேட்டுகளை அடுக்கி, அதன் மேல் பாரை வைத்துத் தொடங்கினால் போதும். உடம்பு பழகப் பழக உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இவர்களுக்கு எச்சரிக்கை!

டிஸ்க் பிரச்னை, உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரின் ஆலோசனை இல்லாமல் தொடங்க வேண்டாம். பயிற்சிக்கு மறுநாள் தொடையிலும் பிட்டத்திலும் வலி இருப்பது இயல்பு. ஆனால், முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல், காலில் பலவீனம் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஜிம் பக்கமே போகாதவர்களும் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குவதும் டெட்லிஃப்ட்தான். வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ; இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். அதை நகர்த்தும் அம்மாவுக்கும் இதே விதிதான்: எடை உடம்பை ஒட்டி இருக்கட்டும், இடுப்பு பின்னால் போகட்டும், முதுகு கூனாமல் இருக்கட்டும்.

அந்த இரண்டாவது நண்பருக்குத் தேவைப்பட்டதும் இவ்வளவுதான். இடுப்பை நான்கு விரல்கடை உயர்த்தித் தொடங்கியிருந்தால், அவர் ஜிம்மை விட்டிருக்க மாட்டார்!