சம்பளம் அவருக்கு... நண்டு எனக்கு!

பி.ஹெச்டி.க்கு கைடு தேடி டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டாக அலைகிற மக்களே! இந்த வார ஹீரோயின், காலேஜுக்கே போகாமல் நண்டு ஆராய்ச்சியில் கொடிகட்டிப் பறந்தவர். பெயர், மேரி ஜேன் ராத்பன்.

1860-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தவர். ஸ்கூலோடு படிப்பு ஓவர். கடலை முதல்முதலாகப் பார்த்ததே 1881-ல்தான். அண்ணன் ரிச்சர்டுக்கு அரசாங்க மீன்வள கமிஷனில் வேலை. வுட்ஸ் ஹோல் கடற்கரைக்கு தங்கச்சியும் கூடப் போனார். வலையில் வந்த ஐட்டங்களைப் பிரிக்கணும், ஜாடியில் போடணும், லேபிள் ஒட்டணும். சம்பளம்? மூச்! சில வருஷம் கழித்துத்தான் கிளார்க் வேலை கிடைத்தது. 1886-ல் வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் தேசிய அருங்காட்சியகத்துக்கு மாறினார்.

அங்கேயும் பெரிய போஸ்ட் எல்லாம் கிடையாது. ஆனால், அண்ணன் மீன்வள வேலைகளில் பிஸியாக இருக்க, கடல்வாழ் முதுகெலும்பிலிகள் பிரிவையே கிட்டத்தட்ட தங்கச்சிதான் கட்டி மேய்த்தார். ஸ்பிரிட்டில் மிதக்கிற நண்டுகள்தான் அவருக்கு வாத்தியார்.

நண்டுல என்னப்பா பெருசா ஆராய்ச்சினு கேக்கறீங்களா? ஒரு சாம்பிள். அமெரிக்கர்கள் ஆசையாகச் சாப்பிடுகிற நீல நண்டுக்கு 'கேலினெக்டஸ் சேப்பிடஸ்' என்று 1896-ல் பெயர் வைத்தவர் இவர்தான். முன்பாதி கிரேக்கம், 'அழகாக நீந்துவது'. அது ஏற்கெனவே இருந்த பேரினப் பெயர். பின்பாதி லத்தீன், 'ருசியானது'. அம்மணி சாப்பிட்டுப் பார்த்துட்டுதான் வெச்சிருப்பாங்க போல! இதன் நெருங்கிய சொந்தக்கார நண்டுகள் பலவற்றுக்கு, இரண்டு கண்களுக்கும் நடுவே ஓட்டின் விளிம்பில் நாலு பற்கள். இதுக்கு ரெண்டுதான். இப்படிப் பல்லை எண்ணி எண்ணியே ஆயிரத்துக்கும் அதிகமான புது இனங்களையும் துணை இனங்களையும் விவரித்து எழுதினார்.

இப்போ மேட்டருக்கு வருவோம். வேலை மலையாகக் குவிந்தது. இன்னொரு ஆளைப் போட மியூசியத்தில் காசில்லை. 1914 கடைசியில் ராத்பன் வேலையை ராஜினாமா செய்தார். அந்தச் சம்பளத்தில் வால்டோ ஷ்மிட் என்ற இளைஞரை எடுத்துக்கொண்டார்கள். சரி, இவர் வீட்டுக்குப் போனாரா? மறுநாளும் அதே மேஜை, அதே ஜாடி! ஏறக்குறைய 25 வருஷம் பைசா வாங்காமல் உழைத்தார். அமெரிக்க நண்டுகள் பற்றிய அவருடைய நாலு பெரிய புத்தகங்களும் (1918, 1925, 1930, 1937) அந்தக் காலத்தில் வந்தவைதான்.

'ஆஹா, என்ன தியாகம்'னு கைதட்டிட்டுப் போக எனக்கு மனசு வரலை. ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு, கடைசியில் அவர் சம்பளத்திலேயே அடுத்த ஆளைப் பிடித்த நிர்வாகத்தை என்ன சொல்ல? மாசச் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்டுகிற பொண்ணு இப்படி ராஜினாமா பண்ண முடியுமா? ஸ்டைபண்டுக்காக மாசக்கணக்கில் காத்திருக்கிற ரிசர்ச் ஸ்காலர்களுக்குப் புரியும். ஆனால், ஷ்மிட்டை எடுத்த முடிவு வீண் போகலை. பிற்பாடு அவரும் நண்டு, இறால் வகையில் பெரிய புள்ளி ஆனார். 1938-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கப்பல் பயணத்தில் உயிரியலாளராகப் போனவர் அவர்தான்.

அட, டிகிரியை மறந்துட்டேனே! 1916-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் கௌரவ எம்.ஏ. கொடுத்தது. அடுத்த வருஷம் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பி.ஹெச்டி.! அப்போது வேலையை விட்டு ரெண்டு வருஷம் தாண்டியிருந்தது.

1943-ல் இறந்தார். உயிலில், நண்டு ஆராய்ச்சிக்காக ஸ்மித்சோனியனுக்கு 10,000 டாலர் எழுதி வைத்திருந்தார்.